ஹாங் சாங் சூ படங்களைத் தொடர்ந்து பார்ப்பதும் அவற்றின் டிஸ்க்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஹாங் சாங் சூ?

1960-இல் தென்கொரியத் தலைநகர் சோலில் பிறந்த இயக்குநர். சோலில் சுங்-ஆங் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போய் கலிஃபோர்னியாவிலும் சிகாகோவிலும் கலைக் கல்லூரிகளில் படித்தார். முதல் படம் 'தி டே எ பிக் ஃபெல் இன்டு தி வெல்' 1996-இல் வந்தது. அதிலிருந்து 2025 வரை 33 முழுநீளப் படங்கள். கொலை, பழிவாங்கல், கார் துரத்தல் என்று நமக்குப் பழக்கமான கொரிய சினிமாவுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு இயக்குநரோ பேராசிரியரோ எழுத்தாளரோ ஒரு ஊருக்கு வருவார், யாரையாவது சந்திப்பார், உட்கார்ந்து சோஜு என்ற கொரிய மது குடிப்பார்கள், பேசுவார்கள், பேச்சில் ஏதோ ஒன்று உடையும். பெரும்பாலும் அவ்வளவுதான் கதை.

எப்படி வருஷத்துக்கு இரண்டு படம் எடுக்கிறார்?

செலவைக் குறைத்துக்கொண்டே போனதால்தான். 2000-களின் நடுவில் ஜொன்வொன்சா என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். அதற்கப்புறம் குழு சுருங்கிக்கொண்டே வந்தது. முழுத் திரைக்கதை என்று ஒன்று கையில் இருக்காது. படப்பிடிப்பு நாளன்று காலையில் உட்கார்ந்து அன்றைய காட்சியின் வசனத்தை எழுதுவார், நடிகர்கள் அதை அங்கேயே மனப்பாடம் செய்து, நீளமான ஒரே ஷாட்டில், பல டேக்குகளில் நடிப்பார்கள். 2021-இல் வந்த 'இன்ட்ரடக்‌ஷன்' படத்திலிருந்து எழுத்து, இயக்கத்தோடு ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை எல்லாமே அவர்தான். கையில் கேமராவும் நான்கைந்து பேரும் ஒரு உணவகமும் இருந்தால் ஒரு படம் ஆரம்பித்துவிடும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். இந்தச் சுதந்திரத்துக்காக அவர் பெரிய பட்ஜெட்டை விட்டுக்கொடுத்தார் என்பதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

எல்லாம் ஒரே படம் மாதிரி இருக்கிறதே, எதற்காக அத்தனையையும் பார்க்க வேண்டும்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், எழுத ஆசையாக இருப்பதும் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே போகிறேன்.

ஆமாம், ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் "மாதிரி" என்கிறோமே, அங்கேதான் படம் இருக்கிறது. 'ரைட் நவ், ராங் தென்' (2015) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இயக்குநர் தன் படத் திரையிடலுக்காக ஒரு நாள் முன்னதாகவே சுவோன் நகரத்துக்கு வந்துவிடுகிறார். பழைய அரண்மனையில் ஒரு இளம் ஓவியரைப் பார்க்கிறார். காபி குடிக்கிறார்கள், அவள் ஓவியக்கூடத்துக்குப் போகிறார்கள், சூஷி கடையில் சோஜு குடிக்கிறார்கள், அவளுடைய சிநேகிதிகளின் கூட்டத்தில் போய் முடிகிறது. ஒரு மணி நேரம் ஆனதும் படம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அதே நாள், அதே ஆட்கள், அதே இடங்கள். முதல் முறை அவள் ஓவியத்தை வாய்க்கு வந்தபடி புகழ்ந்தவர், இரண்டாம் முறை மனதில் பட்டதைச் சொல்கிறார், அவளுக்குக் கோபம் வருகிறது. முதல் முறை தனக்குக் கல்யாணம் ஆனதை மறைத்தவர், இரண்டாம் முறை அதைச் சொல்லி அழுகிறார். அவ்வளவு சின்ன மாற்றம்தான், நாள் வேறு மாதிரி முடிகிறது. சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் முதன்மை விருதான தங்கச் சிறுத்தை இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

இதை அவர் முதலிலிருந்தே செய்துவருகிறார். 'தி பவர் ஆஃப் காங்வொன் பிராவின்ஸ்' (1998) படத்தில் பிரிந்துபோன இருவர் ஒரே சமயத்தில் ஒரே மலைப்பகுதிக்குப் போகிறார்கள், சந்திப்பதில்லை, முதல் கதையில் ஓரத்தில் கிடந்த விஷயம் இரண்டாம் கதையில் நடுவுக்கு வருகிறது. 2000-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம் 'வர்ஜின் ஸ்டிரிப்ட் பேர் பை ஹர் பேச்சலர்ஸ்' ஒரே காதல் கதையை இரண்டு முறை சொல்கிறது. முதல் பாதிக்கு "ஒருவேளை தற்செயல்" என்றும் இரண்டாவதற்கு "ஒருவேளை உள்நோக்கம்" என்றும் தலைப்பு. 'அவர் சன்ஹி' (2013) படத்தில் மூன்று ஆண்கள் ஒரு பெண்ணைப் பற்றி ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கிய அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த மாதிரி. 'ஹில் ஆஃப் ஃப்ரீடம்' (2014) படத்தில் ஒரு பெண் கையிலிருந்த கடிதக் கட்டு படிக்கட்டில் விழுந்து கலைந்துவிடும், பக்கங்களில் தேதி கிடையாது, ஒரு தாளை அவள் எடுக்காமலே போய்விடுவாள், படமும் அந்தக் கலைந்த வரிசையில்தான் ஓடும்.

ஒரே ராகத்தைத் தினமும் பாடும் ஒருவரைக் கேட்கிற மாதிரி இது. பத்தாவது நாள் எங்கே நிறுத்துகிறார், எந்தச் சங்கதியை விட்டுவிட்டார் என்பது காதில் விழ ஆரம்பிக்கும். ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு அது கிடைக்காது.

எங்கிருந்து தொடங்கலாம்?

'ரைட் நவ், ராங் தென்', கட்டாயம். அது பிடித்தால் 'தி டே ஹி அரைவ்ஸ்' (2011). சோலில் புக்சோன் பகுதியில் ஒரு முன்னாள் இயக்குநர் அலைகிறார், "நாவல்" என்று பெயர் வைத்த ஒரு மதுக்கடைக்கு மறுபடி மறுபடி போகிறார், அது அடுத்தடுத்த நாளா அதே நாளா என்றே தெரியாது. அதற்கப்புறம் 'ஹோட்டல் பை தி ரிவர்' (2018). சாவு நெருங்கிவிட்டது என்று தோன்றும் வயதான கவிஞர் ஒருவர் ஆற்றங்கரை ஓட்டலில் தங்கியிருக்கிறார், மகன்கள் இருவரும் பார்க்க வருகிறார்கள், வெளியே பனி. கவிஞராக நடித்த கி ஜூ-போங்குக்கு லொகார்னோவில் சிறந்த நடிகர் விருது. இவர் படங்களில் முதல் முறையே நெஞ்சைத் தொட்டது எனக்கு இதுதான்.

முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டாம். தொடக்ககாலப் படங்கள் கசப்பானவை, ஆண்கள் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதம் பார்க்கச் சகிக்காது, அதை அவர் மறைக்கவும் மாட்டார். பின்னாளைய படங்களின் மென்மை தெரிந்த பிறகு அங்கே போனால்தான் அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்று புரியும்.

ஆன்லைனில் பார்த்தால் போதாதா, டிஸ்க் எதற்கு?

பார்க்கலாம், தப்பே இல்லை. முபி மாதிரி தளங்களில் இவர் படங்கள் வரும், உரிமம் முடிந்ததும் போய்விடும். பிரச்சினையே அந்தப் "போய்விடும்"தான். ஒரு படத்தின் காட்சியை நான்கு வருஷம் கழித்து வந்த இன்னொரு படத்தின் காட்சியோடு வைத்துப் பார்க்கத் தோன்றும்போது அது கையில் இருக்க வேண்டும். நான் 'ரைட் நவ், ராங் தென்' படத்தின் இரண்டு சூஷி கடைக் காட்சிகளையும் ஒன்று மாற்றி ஒன்று ஓட விட்டு, கேமரா எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் முதலில் கிளாஸை நிரப்புகிறார் என்று ஒரு சாயங்காலம் முழுக்கக் குறித்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் இல்லாமல் அதைச் செய்திருக்கவே மாட்டேன்.

எந்த நிறுவனங்கள் வெளியிடுகின்றன?

ஆங்கில சப்டைட்டிலோடு வேண்டுமென்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அமெரிக்காவின் சினிமா கில்ட். 2017 முதல் வந்த படங்களில் பெரும்பாலானவற்றை அவர்கள்தான் அமெரிக்காவில் விநியோகித்து வருகிறார்கள். 'ஆன் தி பீச் அட் நைட் அலோன்', 'தி டே ஆஃப்டர்', 'ஹோட்டல் பை தி ரிவர்', 'தி வுமன் ஹூ ரான்' எல்லாம் அவர்கள் பக்கம். 'ரைட் நவ், ராங் தென்' மட்டும் கிராஸ்ஹாப்பர் ஃபிலிம், பிரெஞ்சு நடிகை இசபெல் உப்பேர் நடித்த 'இன் அனதர் கன்ட்ரி' (2012) கினோ லார்பர். பிரிட்டனின் ஆரோ நிறுவனம் 2018-இல் 'வுமன் இஸ் தி ஃப்யூச்சர் ஆஃப் மேன்' (2004), 'டேல் ஆஃப் சினிமா' (2005) இரண்டையும் ஒரே ப்ளூரே பெட்டியில் கொண்டு வந்தது. பழைய படங்களில் ஒரு இடத்தில் தொடங்க ஆசைப்படுகிறவருக்கு அந்தப் பெட்டி ரொம்ப நல்லது.

கொரியாவிலேயே வந்த பழைய டிவிடிகள் இருக்கின்றனவே என்பீர்கள். 2000-களின் பிற்பகுதியில் ஹாலிவுட் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கொரிய டிவிடி சந்தையை விட்டு வெளியேறின, அந்தச் சந்தையே சுருங்கிப்போனது. அதனால் தொடக்ககாலப் படங்களின் கொரிய டிவிடி இன்று பெரும்பாலும் பழைய கைமாற்றுச் சரக்குதான். வாங்குவதற்கு முன் பின்னட்டையின் படத்தைக் கேட்டு வாங்கி, சப்டைட்டில் வரிசையில் ஆங்கிலம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாங்கிய ப்ளூரே என் பிளேயரில் ஓடவில்லை, ஏன்?

ரீஜியன் கோடு, அதாவது எந்தப் பகுதியின் பிளேயரில் டிஸ்க் ஓடலாம் என்று வைக்கும் பூட்டு. நானும் முதல் டிஸ்க்கை வாங்கி, கவரைப் பிரித்து, உள்ளே போட்டு, திரையில் வந்த மறுப்புச் செய்தியைப் பார்த்துக்கொண்டு நின்றவன்தான், அதனால் விவரமாகவே சொல்கிறேன். ப்ளூரேக்கு உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். கொரியா, அமெரிக்கா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா சி. ஆக சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய சாதாரண பிளேயர், ஏ என்று பூட்டப்பட்ட அமெரிக்க டிஸ்க்கை ஏற்காது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம், அவர்கள் பிளேயரும் கொரிய, அமெரிக்க டிஸ்க்கும் ஒரே ரீஜியன்.

டிவிடியில் இன்னும் சிக்கல். அமெரிக்கா 1, ஐரோப்பா 2, கொரியாவும் தென்கிழக்கு ஆசியாவும் 3, இந்தியா 5.

வழி என்ன? சில டிஸ்க்குகள் பூட்டே இல்லாமல் வரும், பின்னட்டையில் ரீஜியன் சின்னத்தைப் பாருங்கள். இல்லையென்றால் எல்லா ரீஜியனும் ஓடும்படி மாற்றப்பட்ட பிளேயர் ஒன்று வாங்குவதுதான் நிம்மதி. கணினியின் டிவிடி டிரைவில் ரீஜியனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்தது அப்படியே நிலைத்துவிடும், அதில் விளையாட வேண்டாம். 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு ரீஜியன் பூட்டு கிடையாது.

ஐரோப்பிய டிவிடியில் படம் சில நிமிஷம் குறைவாக இருக்கிறது. வெட்டிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. ஐரோப்பாவில் வழங்கும் பால் (PAL) வீடியோ முறை டிவிடியில் விநாடிக்கு 24 ஃப்ரேம் படத்தை 25 ஃப்ரேமாக ஓட்டுவார்கள், அதனால் நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடும். 121 நிமிஷப் படம் சுமார் 116 நிமிஷத்தில் முடிந்துவிடும். சண்டைப் படத்தில் இது தெரியாது. இவர் படத்தில் ஒருவர் பதில் சொல்லாமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் காட்சியின் உயிர், அதனால் ப்ளூரே கிடைக்கிற படத்துக்கு டிவிடி வாங்காதீர்கள்.

ஒரே படத்துக்கு இரண்டு பெயரா?

ஆமாம், கொரியப் பெயரும் ஆங்கிலப் பெயரும் பல சமயம் ஒட்டவே ஒட்டாது. 'தி டே ஹி அரைவ்ஸ்' கொரியத்தில் "புக்சோன் பக்கமாக". 'வர்ஜின் ஸ்டிரிப்ட் பேர்' கொரியத்தில் வெறுமனே "ஓ! சூ-ஜங்", நாயகியின் பெயர். 2002-இல் வந்த, ஆங்கிலத்தில் 'டர்னிங் கேட்' என்று சொல்லப்படும் படத்தின் கொரியப் பெயருக்கு "வாழ்க்கையின் கண்டுபிடிப்பு" என்று பொருள். 'வாக் அப்' (2022) கொரியத்தில் "கோபுரம்". 'பை தி ஸ்ட்ரீம்' (2024) கொரியத்தில் "சுயூச்சொன்", ஒரு ஓடையின் பெயர். கொரியத் தளங்களில் தேடும்போது ஆங்கிலப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

சப்டைட்டிலில் எதுவும் தவறிப்போகிறதா?

நிறைய. ஆனால் தமிழ் ஆட்களான நமக்கு அதைப் பிடிப்பது எளிது, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குத்தான் கஷ்டம். கொரிய மொழியில் மரியாதை வினைச்சொல்லின் முடிவிலேயே இருக்கிறது. நாம் "வா", "வாங்க" என்று பிரிக்கிற மாதிரி. குடித்துக்கொண்டே பேசும் இருவரில் ஒருவர் திடீரென்று "நீங்க"விலிருந்து "நீ"க்கு இறங்கினால் அங்கே ஒன்று நடந்துவிட்டது, உரிமையோ அவமானமோ. ஆங்கிலத்தில் இரண்டுமே ஒரே சொல், சப்டைட்டில் எதுவும் நடக்காத மாதிரி ஓடும். அதனால் வாக்கியத்தின் கடைசியைக் கவனியுங்கள். "யோ" என்றோ "நிடா" என்றோ முடிந்தால் மரியாதைப் பேச்சு, இரண்டும் காணாமல் போனால் பெரும்பாலும் இறங்கிவிட்டார்கள்.

அப்புறம் அழைக்கும் முறை. ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். படிப்பில் மூத்தவர் "சன்பே", இயக்குநர் "கம்தோக்நிம்", அந்த "நிம்" நம் "சார்", "ஐயா" மாதிரி ஒட்டிக்கொள்ளும். சப்டைட்டிலில் இவை பல நேரம் வெறும் பெயராக மாறிவிடும். முன்பு "கம்தோக்நிம்" என்று பணிவாக அழைத்தவரே சோஜு ஏறியதும் அதே சொல்லைக் குத்தலாகச் சொல்லும் காட்சிகளில் மொத்த நாடகமும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

கையையும் பாருங்கள். பெரியவருக்கு இரண்டு கையாலும் ஊற்றுவார்கள், இளையவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு குடிப்பார், தன் கிளாஸைத் தானே நிரப்பிக்கொள்ள மாட்டார். பெரியவர்களுக்கு இரண்டு கையால் கொடுத்துப் பழகிய நமக்கு இது விளக்காமலே புரியும். யார் ஒரு கையால் ஊற்றுகிறார், யார் தனக்குத் தானே ஊற்றிக்கொள்கிறார் என்று பார்த்தால் சப்டைட்டில் சொல்லாத பாதிக் கதை தெரிந்துவிடும்.

நடுவில் கேமரா தடாலென்று ஜூம் ஆகிறதே, அது தவறா?

தவறு இல்லை. 'டேல் ஆஃப் சினிமா'விலிருந்து ஜூம் அவருடைய கையெழுத்து ஆகிவிட்டது, அதற்கு முந்தைய படங்களில் கேமரா அநேகமாக அசையாது. வெட்டாமல், நடிப்பை நிறுத்தாமல், ஒரு முகத்தையோ கையையோ கவனிக்கச் சொல்வதற்கு அதைவிட நேரான வழி இல்லை. 'தி வுமன் ஹூ ரான்' (2020) படத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தெருப் பூனைக்குச் சாப்பாடு போடாதீர்கள் என்று நீண்ட நேரம் வாதாடுவார், கடைசியில் கேமரா மெல்ல அந்தப் பூனைமேல் ஜூம் ஆகும், பூனை கொட்டாவி விடும். அதைப் பார்த்த பிறகு ஜூமைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

'இன் வாட்டர்' டிஸ்க் முழுக்க மங்கலாக இருக்கிறது. திருப்பி அனுப்பலாமா?

வேண்டாம்! படமே அப்படித்தான். 2023-இல் வந்த அந்த 61 நிமிஷப் படத்தின் பெரும்பகுதி வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் எடுக்கப்பட்டது. ஜெஜு தீவுக்கு ஒரு இளைஞன் இரண்டு நண்பர்களோடு குறும்படம் எடுக்கப் போகிறான், என்ன எடுப்பதென்று அவனுக்கே தெளிவாகவில்லை, திரையும் தெளிவாகவில்லை. கடலும் மனிதர்களும் வண்ணக் கறைகளாகக் கரைந்து நிற்பார்கள். டிவியில் ஷார்ப்னெஸை ஏற்றி வைத்திருந்தால் குறைத்துவிடுங்கள், அது இந்தப் படத்தைக் கெடுத்துவிடும். இவருடைய சமீபத்திய படங்கள் பலவற்றில் வெளிச்சம் தாறுமாறாக, வெள்ளை வெளுத்துப்போய் இருக்கும், அதுவும் டிஸ்க்கின் குறை இல்லை.

'தி நாவலிஸ்ட்ஸ் ஃபிலிம்' (2022) கறுப்பு வெள்ளையில் போய்க்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் நிறம் வருவதும் அப்படித்தான், பயப்படாதீர்கள். அதில் நாவலாசிரியராக வரும் லீ ஹே-யங் 1960-களின் பெரிய இயக்குநர் லீ மான்-ஹியின் மகள். அவரைத் திரும்பத் தன் படங்களின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியதற்காகவே ஹாங்குக்கு நான் நன்றி சொல்வேன்.

கிம் மின்-ஹீயைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நடிகை கிம்மும் ஹாங்கும் 'ரைட் நவ், ராங் தென்' படத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள், 2017 மார்ச்சில் தங்கள் உறவைப் பொதுவில் ஒப்புக்கொண்டார்கள், ஹாங் திருமணமானவர் என்பதால் கொரியாவில் அது பெரிய பேச்சானது. அதே வருஷம் 'ஆன் தி பீச் அட் நைட் அலோன்' படத்துக்கு பெர்லின் திரைப்பட விழாவில் கிம்முக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது. திருமணமான இயக்குநரோடு உறவிலிருந்து விலகி வந்த நடிகையின் கதை அது, அதனால் ஒப்பிடாமல் இருக்க முடியாது. இருந்தாலும் அவர் நடிப்பை வம்பின் வழியாக மட்டும் பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். 2024-இல் 'பை தி ஸ்ட்ரீம்' படத்துக்காக லொகார்னோவிலும் அவருக்கு நடிப்பு விருது கிடைத்தது. பல படங்களில் தயாரிப்பு நிர்வாகமும் அவர்தான்.

இறக்குமதி செய்தால் செலவு கையைக் கடிக்கிறதே?

கடிக்கும். டிஸ்க் விலையைவிடக் கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து பெரிதாகிவிடும். ஒவ்வொன்றாக வாங்காமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள், வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் இடம் கேளுங்கள், விநியோகஸ்தர்கள் தள்ளுபடி போடும் நாள்வரை பொறுத்திருங்கள். எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். பிடித்த ஐந்து போதும்.

அடுத்த படம் எப்போது வரும், டிஸ்க் எப்போது வரும்?

இவரைத் தொடர்வது எளிது. பிப்ரவரியில் பெர்லின், மே மாதம் கான், ஆகஸ்டில் லொகார்னோ, இந்த மூன்று விழாக்களின் பட்டியலைப் பார்த்தால் போதும், ஏதோ ஒன்றில் அநேகமாக இருப்பார். பெர்லினில் மட்டும் 2020-இல் இயக்கத்துக்கும் 2021-இல் திரைக்கதைக்கும் 2022, 2024-இல் நடுவர் பெருவிருதுக்குமாக நான்கு வெள்ளிக் கரடிகள் வாங்கியிருக்கிறார். 2024-இல் விருது பெற்ற 'எ டிராவலர்ஸ் நீட்ஸ்' உப்பேரோடு அவருக்கு மூன்றாவது படம். 2025-இல் 'வாட் டஸ் தட் நேச்சர் சே டு யூ' அதே பெர்லினில் போட்டிப் பிரிவில் இருந்தது. விழாவுக்குப் பிறகு கொரியத் திரையரங்கு, அப்புறம் அமெரிக்கத் திரையரங்கு, அதற்கும் பிறகுதான் ப்ளூரே. ஒரு படத்தின் டிஸ்க் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவர் அடுத்த படத்தையோ அதற்கடுத்ததையோ முடித்திருப்பார்.